கலனை மணந்து பார்த்தவள்

ஜெரிசன் கொண்டுவந்த கலனின் மூடியைத் திறந்து, குனிந்து மணந்து பார்த்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியவள் பாலேஸ்வரிதான். அப்படிச் செய்யும்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

“மீன் வெடுக்கு நாறுது ரீச்சர். உவன் வெளிக்கடலுக்குப் போறேல்லை. கரையிலை, வள்ளம் கட்டுற இடத்திலை அள்ளிக்கொண்டு வாறான் போலை.”

ஆய்வுகூடத்தில் ஆசிரியையோடு உயர்தர உயிரியல் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் இருந்தார்கள். மீன்தொட்டிக்குக் கடல்நீர் கொண்டுவரும் மீன்காரன் ஜெரிசன், கையில் இன்னொரு கலனோடு வாசலில் நின்றான். குருநகரிலிருந்து சைக்கிள் கரியரில் வைத்து, கயிற்றால் கட்டி, உருட்டிக்கொண்டு வந்தவன். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

“மாதா மேலை சத்தியமாச் சொல்லுறன் அக்கா. விடியப்பறம் போய், தீவுகளுக்கு அங்காலை அள்ளின தண்ணி.”

“சத்தியம் பண்ணினாப்போலை வெடுக்குப் போயிடுமே தம்பி?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக மேசை துடைத்து, குழாய் கழுவி, தவளை பிடித்துக் கொடுத்த பாலேஸ்வரி சொன்ன ஒன்றுக்குப் பிள்ளைகள் சிரித்தது அன்றைக்குத்தான். அவளுக்கு உள்ளுக்குள் நன்றாயிருந்தது. பிறகு வந்த நாட்களில் அவளை விடாமல் உறுத்தியது அந்தச் சந்தோசம்தான்.

ஜெரிசன் வாசலோடு திரும்பினான். கையிலிருந்த கலனை மட்டும் திரும்பக் கொண்டு போனான். அவள் மணந்த கலன் கழுவுதொட்டிக்குக் கீழே அப்படியே கிடந்தது.

அந்த மீன்தொட்டி பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவிகள் சேர்ந்து அனுப்பியது. ஆறடி நீளம், அறுநூறு லீற்றர். உள்ளே, கொழும்பில் அனுமதியோடு வளர்த்து விற்கும் இடத்திலிருந்து எடுப்பித்த முருகைகள், அதாவது உயிர்ப் பவளங்கள். சில விரல் விரலாக ஆடும், சில பூப்போல விரிந்து, விளக்கணைந்தால் சுருங்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சோடி மீன்கள். நாள்தோறும் கடற்கரையால் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள், கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தது அந்தக் கண்ணாடிக்குள்தான்.

தொட்டிக்குப் பொறுப்பு உயிரியல் ஆசிரியை தக்சாயினி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த சின்னப் பிள்ளை. எதையும் வாசித்துப் பார்த்துத்தான் செய்வாள். வேலை பாலேஸ்வரிக்கு. தக்சாயினி தன் கையாலேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கண்ணாடியின் வலது மூலையில் ஒட்டியிருந்தாள்:

பராமரிப்பு – திருமதி பாலேஸ்வரி நமசிவாயம்
கடல்நீர் – திரு. ஜெரிசன், குருநகர்

பள்ளிக்கூடத்தில் பாலேஸ்வரியின் பெயர் சம்பளத் தாளைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. ஜெரிசன் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். குருநகர் முழுக்க அதைக் காட்டினான் என்று பிறகு அறிந்தாள்.

இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு, ஒருமுறை தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஜெரிசனின் கடல்நீரை விட வேண்டும். அது ஒரு வேலை. மற்றது, நாளாந்தம் வற்றுகிற தண்ணீரை நிரப்புவது. கடல்நீர் ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே வற்றிய அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் விட வேண்டும். “ஆர்.ஓ. தண்ணி மட்டும்தான் அக்கா, வேறை ஒண்டும் விடக்கூடாது,” என்று தக்சாயினி முதல் நாளே சொல்லியிருந்தாள். யந்திரத்தில் வடித்து, கடைகளில் கலனாக விற்கிறார்களே, அந்தத் தண்ணீர்.

முதல் ஒரு மாதம் பாலேஸ்வரி அதைத்தான் வாங்கி விட்டாள். பிறகொரு நாள் கடை பூட்டியிருந்தது. வீட்டிலிருந்து ஒரு கலன் கிணற்றுத் தண்ணீரை ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்து விட்டாள். மீன்கள் ஓடித்திரிந்தன. முருகைகள் விரிந்தன. அதற்குப் பிறகு கடைப் பக்கம் அவள் போகவில்லை. “தண்ணி அலுவலை நான் பாக்கிறன் ரீச்சர்,” என்றாள். அது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

அவளுடைய கிணறு அப்படிப்பட்டது. உரும்பிராய்க்கு அப்பால், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது வீடு. மாமனார் கனகலிங்கம் கல் பிளந்து வெட்டுவித்த கிணறு. பட்டணத்தில் கிணற்றுத் தண்ணீர் உவரடிக்கும். தேநீர் திரைந்தது போலிருக்கும். இங்கே தண்ணீர் அப்படியே இனிக்கும். கல்யாணம் பேசி வந்த காலத்தில் பாலேஸ்வரியின் தகப்பனார் கிணற்றில் ஒரு செம்பு அள்ளிக் குடித்துவிட்டு, “பெட்டைக்குத் தண்ணிக் கஷ்டம் இல்லை,” என்று சொல்லித்தான் சம்மதித்தார். மதிலுக்கு வெளியே, ஒழுங்கையென்ற சின்னத் தெருப் பக்கமாக ஒரு பைப் போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் மூன்று ஒழுங்கைச் சனம் கலனோடு வந்து நிற்கும். மேலே தண்ணீர்த் தாங்கியில் ‘அமரர் கனகலிங்கம் ஞாபகார்த்தம்’ என்று நீலப் பெயின்ரில் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட தண்ணீர் வீட்டில் இருக்க, தண்ணீரைக் காசுக்கு வாங்குவது அவளுக்கு ஒரு மானக்கேடு போலப் பட்டது.

பாசி நாலாவது மாதம் வந்தது. முதலில் ஒரு கல்லின் முதுகில் பச்சை நிறத்தில் பூனை மயிர்போல. இரண்டு கிழமையில் அது தாடியானது. பிறகு முருகைகளின் அடியைப் பிடித்தது. விரல்போல ஆடியவை ஆடாமல் கூனி நின்றன. பாலேஸ்வரி காலை ஏழு மணிக்கே வந்து, முழங்கை வரை கையை விட்டு, பழைய பற்பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் பிடுங்கினாள். பிடுங்கியது தண்ணீரில் பரவி வேறு கல்லில் பிடிக்காதிருக்க, மெல்லிய குழாயால் உறிஞ்சி வாளிக்குள் விட்டாள். கண்ணாடியில் படர்ந்ததை பிளேட்டால் வழித்தாள். தக்சாயினி விளக்கு எரிகிற நேரத்தைப் பத்து மணித்தியாலத்திலிருந்து ஆறாகக் குறைத்தாள். தீனை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினாள். பாசி தின்னும் நத்தைகள் முப்பது எடுப்பித்தாள். நத்தைகள் தின்ன முடிந்ததைத் தின்றுவிட்டு, கண்ணாடியில் ஏறி நின்று இளைப்பாறின. திங்கட்கிழமை வந்து பார்த்தால் தாடி பழையபடி.

“பாசிக்கு எங்கையிருந்தோ சாப்பாடு வருது அக்கா,” என்றாள் தக்சாயினி. “தீன் குறைச்சாச்சு. வெளிச்சம் குறைச்சாச்சு. அப்ப தண்ணியோடைதான் வருது. நைத்திரேற்றாயிருக்கலாம். சோதிக்கிற பெட்டி கொழும்பிலை சொல்லியிருக்கிறன், வரட்டும்.”

பெட்டி வர ஆறு கிழமை ஆயிற்று. அதற்குள் பாலேஸ்வரியின் மூக்கு முந்திக்கொண்டுவிட்டது. தொட்டிக்குள் போவது இரண்டே இரண்டு தண்ணீர். ஒன்று ஜெரிசனுடையது. மற்றது யாருடையது என்று பாலேஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். அதில் பிழை இருக்கும் என்று அவளுக்கு நினைப்பே வரவில்லை.

ஜெரிசன் போன அன்று பின்னேரம், தாளில் அவனுடைய வரியைப் பாலேஸ்வரியே எடுத்தாள். பாசி வழிக்கிற அதே பிளேட்டால். தக்சாயினி “எடுக்கத்தான் வேணுமோ?” என்று இழுத்தாள். “பிழையான ஆளின்ரை பேர் இருக்கக்கூடாது ரீச்சர்,” என்றாள் இவள். தாள் போனது, பசை போகவில்லை. கண்ணாடியில் ஒரு விரல் நீளத்துக்கு மங்கலாய் ஒட்டிக்கொண்டு நின்றது.

அதன்பின் கொழும்பிலிருந்து உப்புப் பொதி வந்தது. தக்சாயினி தானே கடைத் தண்ணீரில் அளந்து கரைத்துக் கடல்நீர் செய்தாள். ஜெரிசனின் தண்ணீர் ஒரு துளியும் இல்லாமல் ஐந்து கிழமை போயிற்று. பாசி குறையவில்லை. கூடிற்று.

சோதிக்கும் பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, பெட்டியிலிருக்கும் இரண்டு மருந்துப் போத்தலிலிருந்தும் துளி விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். நைத்திரேற்று இல்லாவிட்டால் மஞ்சள். கூடக் கூடச் செம்மஞ்சள், பிறகு சிவப்பு. தொட்டித் தண்ணீர் நன்றாகச் சிவந்தது. உப்புக் கரைத்த தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. தக்சாயினி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அதற்குள் அதிபர் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார். “குழாயளைக் கழுவி வையுங்கோ அக்கா, திங்கள் பாப்பம்,” என்று போய்விட்டாள்.

பாலேஸ்வரி கழுவவில்லை. கழுவுதொட்டிக்குக் கீழே கிடந்த ஜெரிசனின் கலனை இழுத்தெடுத்தாள். அது சிவக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். சிவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். துளி விட்டாள், குலுக்கினாள், சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம். மஞ்சள். எலுமிச்சம்பழச் சாறு போன்ற மஞ்சள்.

பிறகுதான் தன்னுடைய கலனை எடுத்தாள். அதிலிருந்த கிணற்றுத் தண்ணீரில் துளி விட்டாள். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. குலுக்கி வைத்த உடனேயே நிறம் மாறத் தொடங்கியது. தொட்டித் தண்ணீரைவிடக் கடும் சிவப்பு. குழாயில் பிழையாக்கும் என்று வேறு குழாயில் செய்தாள். துளி கூடிவிட்டதாக்கும் என்று மூன்றாம் தரம் எண்ணி எண்ணி விட்டாள். மூன்றும் செம்பரத்தம் பூப்போல வரிசையாக நின்றன.

உரும்பிராயும் சேர்ந்த வலிகாமத்துத் தோட்டங்களில் போடுகிற உரம் நைத்திரேற்றாகும், மண்ணில் நிற்காது, கல்லுப் பொந்துகளால் இறங்கிக் கிணற்றுக்குள் போகும் என்ற பாடத்தை அவள் இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் கேட்டிருக்கிறாள். புட்டிப்பால் குடிக்கும் சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் கூடாது, நகம் நீலம்பாரித்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது என்பதும் அவளுக்குப் பாடம். எந்த ஆசிரியர் எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவார் என்பதுகூடத் தெரியும். அது வேறு ஆட்களின் கிணறுகளைப் பற்றிய பாடம் என்றே அவள் இருந்துவிட்டாள்.

குழாய்களைக் கழுவினாள். துடைத்து அடுக்கினாள். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடியவே ஒழுங்கைப் பைப்பில் கோபிகா நின்றாள். முன்வீட்டு மருமகள், குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுக்கிறாள். பாலேஸ்வரி மதிலால் எட்டிப் பார்த்தாள். கலன் பாதி நிறைந்துவிட்டது.

“பிள்ளை, உந்தத் தண்ணியை எடுக்காதையணை.”

“ஏன் அன்ரி?”

சொல்லிவிடலாம். நாலு சொல்லுத்தான். ஆனால் தாங்கியில் நீலப் பெயின்ரில் மாமனார் பெயர் எதிரே நின்றது. கோபிகாவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கலனோடு நின்றார்கள். பாலேஸ்வரியின் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“கிணத்துக்கை அணில் விழுந்து செத்துப்போச்சு.”

“ஐயோ! பரவாயில்லை அன்ரி, நான் கொதிக்க வைச்சுத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறனான்.”

“கொதிக்க வைச்சும் குடுக்காதை!” என்று பாலேஸ்வரி கத்திய கத்தலில் கோபிகா திடுக்கிட்டுப் பைப்பைப் பூட்டினாள்.

பொய் அத்தோடு நிற்கவில்லை. கிணற்றில் ஏதும் விழுந்தால் ஊரில் ஒரு முறை இருக்கிறது: முழுக் கிணற்றையும் இறைத்து, அடி தெரிய வழித்து, புதுத்தண்ணீர் ஊறவிட வேண்டும். பல்தேய்த்துக்கொண்டு நின்ற கணவர் நமசிவாயத்தின் காதில் அணில் என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், வாயைக் கொப்பளித்துவிட்டு மோட்டரைப் போட்டார். அது காணாதென்று பக்கத்துத் தோட்டக்காரர் சோமசேகரத்தாரின் மோட்டரையும் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு மோட்டரும் சேர்ந்து கத்தின. தண்ணீர் வாய்க்காலால் ஓடி நமசிவாயத்தின் வெங்காயப் பாத்திகளுக்குள் இறங்கியது. ஒழுங்கைச் சனம் கிணற்றடியில் கூடிவிட்டது.

“அணிலைக் காணேல்லையே,” என்றார் சோமசேகரத்தார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து. “நீந்தப் படிச்ச அணிலாக்கும், ஏறிப் போட்டுது.”

சனம் சிரித்தது. பாலேஸ்வரி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எந்தத் தண்ணீரில் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பானையில் முதல் நாள் பிடித்து வைத்த அதே தண்ணீரில்தான்.

மத்தியானம் கிணறு அடி தெரிந்தது. நமசிவாயம் கயிற்றைப் பிடித்து இறங்கினார். அறுபத்தோரு வயது, முழங்காலில் நோவு. அடியில் நின்று சேற்றைக் கையால் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒரு பழைய வாளிப் பிடி, இரண்டு தேங்காய்ச் சிரட்டை, யாரோ பிள்ளையின் பந்து. மேலே கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பாலேஸ்வரிக்கு, அவருடைய வழுக்கைத் தலை வெகு தூரத்தில் சின்னதாய்த் தெரிந்தது. கல்லிடுக்குகளால் புதுத்தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. அதே பாத்திகளுக்குக் கீழேயிருந்து, அதே தண்ணீர்.

சனம் போன பிறகு, கிணற்றுக்கட்டில் இருந்து காலில் சேறு கழுவிக்கொண்டு அவர் கேட்டார்:

“இஞ்சாரும், அணிலை நீர் கண்டனீரோ?”

அவள் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினாள்.

“கண்டனீரோ எண்டு கேக்கிறன்.”

“இல்லை.”

எல்லாவற்றையும் சொன்னாள். பாசி, ஜெரிசன், கலன், மூன்று சிவப்புக் குழாய். அவர் முதலில் சிரித்தார். “மீன் தொட்டிக் கலரைப் பாத்தே எங்கடை கிணத்தைக் குறை சொல்லுறீர்?” என்றார். அவள் சிரிக்காததைக் கண்டு தானும் நிறுத்தினார்.

“ஒரு பரப்புக் காணிக்கு எவ்வளவு யூரியா போடுறனீங்கள்?” என்று கேட்டாள்.

“எல்லாரும் போடுற அளவுதான்.”

சொல்லிவிட்டுப் பாத்திகளைப் பார்த்தார். வெங்காயத்தாள் கரும்பச்சையாய், கொழுகொழுவென்று நின்றது. பிறகு எழுந்து சாரத்தை உதறிக் கட்டினார்.

“ஐயாவின்ரை பேர் எழுதியிருக்கு உந்தத் தாங்கியிலை. உதை வெளியிலை கதைக்காதையும்.”

பாலேஸ்வரி “ஓம்” என்றாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. செத்துப்போன மனிசனின் பெயருக்காக அவர் இப்படிப் பதறுகிறார். உயிரோடு இருக்கிற ஒருத்தனின் பெயரை அவள் பிளேட்டால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டவள்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. தக்சாயினி “நீங்கள் வாங்குற கடைத்தண்ணியிலை ஏதும் பிழையோ தெரியேல்லை” என்றபோது பாலேஸ்வரி “இருக்கும்” என்றாள். அன்று முதல் உண்மையிலேயே கடைத்தண்ணீர் வாங்கி விடத் தொடங்கினாள், சத்தமில்லாமல். நாளடைவில் பாசி தானாகக் குறையும், யாருக்கும் ஒன்றும் தெரியவராது, ஜெரிசன் மறந்துவிடுவான். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கண்ணாடியைத் துடைப்பாள். துணி அந்தப் பசைத் தடத்தில் வரும்போதெல்லாம் சற்றே ஒட்டிப் பிடிக்கும். புதன், வியாழன் இரண்டு நாளும் வலது மூலையைத் துடைக்காமலே விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்கென்று வெளிக்கிட்டாள். தோய்ந்து, திருநீறு பூசி, தலையில் பூ. ஸ்கூட்டி கோயில் வாசலில் நிற்கவில்லை. நேரே பலாலி வீதியால் பட்டணத்துக்குள் இறங்கி, குருநகர் மீன்சந்தையில் போய் நின்றது.

ஜெரிசன் நனைந்த சீமெந்துத் திட்டில் விளைமீனைப் பரப்பிவிட்டுக் குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் முகம் ஒருமுறை இறுகியது. பக்கத்துத் திட்டுக்காரன் முந்திக்கொண்டான்:

“வெள்ளிக்கிழமை, திருநீறும் பூவுமா மீன் வாங்க வந்த முதல் ஆள் இவதான். ஜெரிசன், அக்காவுக்கு விலையைக் குறைச்சுப் போடு.”

“மீனுக்கு வரேல்லை,” என்றாள் பாலேஸ்வரி. “தம்பி, ஒரு கதை.”

“இதிலையே கதையுங்கோ.”

கதைத்தாள். கத்திச் சத்தத்துக்கும் காகச் சத்தத்துக்கும் நடுவில், நின்றபடியே. உன்னுடைய தண்ணீர் சுத்தம், என்னுடைய தண்ணீர்தான் பிழை, நான்தான் ரீச்சருக்குத் தெரியாமல் விட்டனான், என்னிலைதான் முழுப் பிழையும். சொல்லி முடித்தபோது கண் கலங்கியது. மன்னித்துவிடுவான் என்று எதிர்பார்த்தாள். மீன்காரரிடம் மன்னிப்புக் கேட்க வந்ததே பெரிய விஷயம் என்ற ஓர் எண்ணமும் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருந்ததை, அவன் வாயைத் திறந்த பிறகுதான் கண்டுபிடித்தாள்.

“முடிஞ்சுதோ?” என்றான் ஜெரிசன்.

அவள் தலையாட்டினாள்.

“‘உவன்’ எண்டு பிள்ளையளுக்கு முன்னாலை மரியாதையில்லாமல் சொன்னனீங்கள் அக்கா. தண்ணியைப் பிழை எண்டிருந்தாப் பரவாயில்லை. அந்தப் பேர் எழுதினதைப் படம் எடுத்து பிரான்சிலை இருக்கிற அண்ணைக்கு அனுப்பினனான். இஞ்சை இவங்கள் இப்பவும் கேக்கிறாங்கள், ‘என்ன சேர், பள்ளிக்கூடத்துக்கு இண்டைக்குத் தண்ணி ஏத்தேல்லையோ?’ எண்டு. கேட்டுப் பாருங்கோ.”

பக்கத்துத் திட்டுக்காரன் வேறு பக்கம் பார்த்தான்.

“பிழைதான் தம்பி. அதுக்குத்தானே வந்தனான்.”

“என்னட்டை வந்து சொல்லி என்ன? சிரிச்சது நானே?” அவன் ஒரு மீனை எடுத்துத் திருப்பிப் போட்டான். “சிரிச்சது அந்தப் பிள்ளையள். அங்கை போய்ச் சொல்லுங்கோ. இப்ப விலகுங்கோ அக்கா, ஆக்கள் நிக்கினம்.”

அன்று மூன்றாம் பாடவேளை உயிரியல். பாலேஸ்வரி வீட்டுத் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தாள். கழுவுதொட்டிக்குக் கீழிருந்த ஜெரிசனின் கலனையும் தூக்கி வைத்தாள். தக்சாயினி சோக்கோடு திரும்பிப் பார்த்தாள்.

“ரீச்சர், அஞ்சு நிமிசம் தாங்கோ.”

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த மேசைக்கு ஆசிரியர் நிற்கிற பக்கத்தில் நின்றதில்லை. இரண்டு குழாயிலும் துளி விட்டாள். ஐந்து நிமிடம் வைத்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு.

“மஞ்சள், ஜெரிசன் கொண்டுவந்த கடல்தண்ணி,” என்றாள். “சிவப்பு, எங்கடை கிணத்துத் தண்ணி. ரீச்சர் கடைத்தண்ணி விடச் சொன்னவ. நான் அவவுக்குத் தெரியாமல் இதைத்தான் ஒரு வருசத்துக்கு மேலை விட்டனான். பாசி வந்தது என்னாலை. அண்டைக்கு அந்தத் தம்பியைப் பகிடி பண்ணி உங்களைச் சிரிக்க வைச்சதும் நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. பின்வாங்கிலிலிருந்து ஒரு பிள்ளை மெல்லக் கேட்டது: “அன்ரி, எங்கடை வீடும் உங்கடை ஊர்தான். அப்ப நாங்கள் குடிக்கிறது?”

பாலேஸ்வரி குழாய்களை ஆசிரியையிடம் நீட்டினாள். தக்சாயினி இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நானும் சோதிக்காமல் விட்டிட்டன்,” என்றாள் கடைசியில், யாருக்கென்றில்லாமல். பிறகு, “எல்லாரும் திங்கக்கிழமை வீட்டுத் தண்ணியிலை ஒவ்வொரு போத்தல் கொண்டு வாங்கோ,” என்றாள்.

அன்று பின்னேரம் ஸ்கூட்டியில் ஒரு கலன் கடைத்தண்ணீர் உரும்பிராய்ப் பக்கம் போயிற்று. பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்ப் பெருமைப்பட்ட அதே கலன்தான். கோபிகாவின் வாசலில் இறக்கி வைத்து, “அணில் விழேல்லையணை,” என்று தொடங்கி நடந்ததைச் சொன்னாள். கோபிகா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கேட்டாள். திட்டவில்லை. “அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அன்ரி, வேறை வீட்டுக் கிணத்திலை எடுத்தெல்லே ஒரு கிழமையாக் குடுத்தனான்,” என்று மட்டும் சொன்னாள். அந்தக் கிணறு எந்தக் கிணறு, அதைச் சுற்றி எத்தனை பாத்தி என்று பாலேஸ்வரிக்குத் தெரியும். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. நல்ல நிறமாக, சுகமாகத்தான் இருந்தது. அதன் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

நமசிவாயம் அவளோடு நாலு நாள் கதைக்கவில்லை. அவள் பார்த்திருக்க, கிணற்றில் அள்ளி ஒரு செம்பு முழுவதையும் கடகடவென்று குடிப்பார். ஐந்தாம் நாள், குழந்தைகளுக்குப் பால் கரைக்க இந்தத் தண்ணீர் எடுக்க வேண்டாமென்று ஒரு மட்டையில் எழுதி ஒழுங்கைப் பைப்பில் தொங்கவிட்டிருந்தது. கையெழுத்து அவருடையது.

ஜெரிசன் உடனே வரவில்லை. தக்சாயினி இரண்டு முறை போன் எடுத்தாள். “பாப்பம் மிஸ்,” என்றானாம். மூன்றாம் கிழமை, அதே வகுப்பு நடக்கும் நேரமாகப் பார்த்து ஒரேயொரு கலனோடு வந்தான். நேரே பாலேஸ்வரிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, மூடியைத் திறந்தான்.

“மணந்து பாருங்கோ அக்கா.”

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள். பாலேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். நன்றாக இழுத்து மணந்தாள். பொய் சொல்ல இனி அவளுக்குத் தெம்பில்லை.

“வெடுக்குத்தான் தம்பி.”

“ஓம் அக்கா,” என்றான் ஜெரிசன். “கடல் பின்னை மல்லிகைப்பூ மணக்குமே?”

பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்பு அவனுடையது. பாலேஸ்வரி அதில் சேராமல், கலனின் மறுபக்கப் பிடியில் கையைப் போட்டாள். இருவருமாகத் தூக்கித் தொட்டிக்கருகே கொண்டு போனார்கள். கண்ணாடி மூலையில் பசைத்தடம் இன்னும் கிடந்தது. தக்சாயினி புதுத்தாள் ஒன்று எழுதி மேசையில் வைத்திருந்தாள். அதில் ஜெரிசனின் பெயர் மேலே இருந்தது. அவன் அதை வாசித்தான். ஒட்டச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. படம் எடுக்கப் போனை வெளியே எடுக்கவுமில்லை.

“முதல்லை பாசியைப் பிடுங்குங்கோ,” என்றான். “பேரைப் பிறகு பாப்பம்.”

பாலேஸ்வரி முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.